மழை மேலே, மில் கீழே: நீலகிரியின் மின்சார வரலாறு

கிளன்மார்கன் தேயிலைத் தோட்டங்களைத் தாண்டி விளிம்புக்குப் போனால் மலை சட்டென்று முடிந்துவிடும். எதிரே ஆகாயம். கீழே சிங்காரா, மசினகுடிக் காடு, அதற்கும் அப்பால் மங்கலாக மைசூர்ப் பக்கத்து மேட்டுநிலம். அந்த விளிம்பிலிருந்துதான் பைக்காரா ஆற்றுத் தண்ணீர் இரும்புக் குழாய்களுக்குள் இறங்கி, 3,000 அடிக்கும் கீழே இருக்கிற சிங்காரா பவர் ஹவுசைப் போய்ச் சேர்கிறது. பக்கத்திலேயே ஊழியர்கள் ஏறி இறங்க, இரும்புக் கயிற்றில் இழுக்கும் வின்ச் வண்டிக்கு ஒரு பாதை. 1932-ல் தொடங்கிய ஓட்டம் இது.

எங்கள் வீடு மலையின் மறுபக்கம், மஞ்சூரில். பெரியப்பா கெத்தை பவர் ஹவுசில் ஆபரேட்டராக இருந்தவர். சின்ன வயதில் எங்களுக்கு மின்சாரம் என்றால் ஸ்விட்ச், பல்பு எல்லாம் அப்புறம்தான். முதலில் ஞாபகம் வருவது குழாயும் டனலும் ஈ.பி. கேம்ப்பும்தான். அதனாலோ என்னவோ, மின்பொறியியல் வரலாறு என்று எதைப் படித்தாலும் எடிசனின் விளக்கில் தொடங்குவது எனக்கு எப்போதும் குறையாகவே படும். விளக்கைவிடப் பெரிய கேள்வி ஒன்று அந்தக் காலத்துப் பொறியாளர்கள் முன் இருந்தது. சக்தி கிடைக்கிற இடம் ஒன்று, அது வேண்டியிருக்கிற இடம் வேறு. நடுவில் இருக்கிற தூரத்தை என்ன செய்வது? நீலகிரியின் மின்சார வரலாறு முழுக்க இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான்.

முதலில் உயரத்தைப் பார்ப்போம்.

தண்ணீரிலிருந்து எவ்வளவு சக்தி எடுக்கலாம் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து. ஒன்று குறைந்தால் மற்றொன்று ஈடுகட்டலாம். வீட்டுக் கணக்கில் சொல்கிறேன். ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க, 900 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் என்றால் சுமார் 480 லிட்டர் போதும். வழியில் ஏற்படும் இழப்பைக் கழித்துச் சொல்லும் கணக்கு இது. 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் 32 குடம். அதே ஒரு யூனிட்டை 40 மீட்டர் உயர அணையிலிருந்து எடுக்க வேண்டுமானால் 10,800 லிட்டர் தேவைப்படும். 720 குடம்! காவிரி மாதிரி பெரிய ஆறு சமவெளியில் அணைகட்டிக் கொடுப்பதை, பைக்காரா மாதிரி ஒரு சின்ன மலையாறு உயரத்தை வைத்தே கொடுத்துவிடுகிறது.

ஆனால் அவ்வளவு உயரத்திலிருந்து வரும் தண்ணீரைச் சாதாரண நீர்ச்சக்கரத்தில் விட முடியாது. 900 மீட்டர் தண்ணீர்த் தூணின் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 90 கிலோ அழுத்தம். கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை கிலோ. இந்தத் தண்ணீர் சின்ன வாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும்போது மணிக்குக் கிட்டத்தட்ட 480 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அந்த வேகத்தைப் பிடித்துச் சுழற்சியாக மாற்றத் தெரிந்தவர் அமெரிக்காவின் கலிபோர்னியா தங்கச் சுரங்கப் பகுதியில் வேலை பார்த்த லெஸ்டர் பெல்டன். 1880-ல் காப்புரிமை வாங்கினார். அவர் செய்தது கேட்க எளிதாக இருக்கும்: சக்கரத்தின் ஓரத்தில் வரிசையாகக் கிண்ணங்கள், ஒவ்வொரு கிண்ணத்துக்கும் நடுவில் ஒரு கூர்மையான வரப்பு. பாயும் தண்ணீரை அந்த வரப்பு இரண்டாகப் பிளக்கிறது. இரண்டு பாதியும் கிண்ணத்தின் வளைவில் ஓடி, வந்த திசைக்கே திரும்புகின்றன. சக்கரத்தின் ஓரம் தண்ணீரின் வேகத்தில் ஏறக்குறையப் பாதி வேகத்தில் சுற்றினால், வெளியே வரும் தண்ணீருக்கு உயிரே இருக்காது. சக்தியை எல்லாம் சக்கரத்தில் விட்டுவிட்டு அப்படியே தொப்பென்று கீழே விழும். தண்ணீர் சோர்ந்து விழுந்தால் இயந்திரம் நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம் என்பார் பெரியப்பா. பெல்டன் சக்கரத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் கேட்டதில்லை.

சரி, உயரப் பிரச்சினை தீர்ந்தது. தூரம்?

1882-ல் நியூயார்க்கில் எடிசன் திறந்த நிலையம் நேர்மின்னோட்டத்தில், அதாவது ஒரே திசையில் ஓடும் டி.சி.யில் ஓடியது. அதன் வீச்சு அக்கம்பக்கத்துத் தெருக்கள் வரைதான். அதற்கு மேல் போனால் மின்சாரம் கம்பியிலேயே சூடாகிக் கரைந்துவிடும். கம்பியில் வீணாகும் வெப்பம், ஓடுகிற மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. ஆக, மின்னோட்டத்தைக் குறைத்து மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டால் அதே அளவு மின்சாரத்தை வெகுதூரம் அனுப்பலாம். 10 மெகாவாட்டை நம் வீட்டுக்கு வருகிற 400 வோல்ட் லைனில் அனுப்பப் பார்த்தால் 14,000 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதைத் தாங்கும் கம்பியைத் தூக்கி நிறுத்தக் கம்பமே கிடைக்காது. 66,000 வோல்ட்டில் அதே 10 மெகாவாட்டுக்கு 90 ஆம்பியர்கூட வேண்டாம். ஒரே கம்பியில் அனுப்புவதாக வைத்துக்கொண்டால், வீணாகும் வெப்பம் சுமார் 27,000 மடங்கு குறைகிறது.

மின்னழுத்தத்தை வேண்டும்போது ஏற்றி, வேண்டும்போது இறக்குவதற்கு டிரான்ஸ்பார்மர் தேவை. அது திசை மாறி மாறி ஓடும் மாறுமின்னோட்டத்தில், அதாவது ஏ.சி.யில்தான் வேலை செய்யும். 1880களின் நடுவில் ஹங்கேரியின் கான்ஸ் கம்பெனிப் பொறியாளர்களும் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லியும் நடைமுறைக்கு ஏற்ற டிரான்ஸ்பார்மரைக் கொண்டுவந்தார்கள். 1891-ல் ஜெர்மனியின் லாஃபன் என்ற ஊரில் ஓர் ஆற்றங்கரையில் உற்பத்தியான மூன்று ஃபேஸ் மின்சாரம் 175 கிலோமீட்டர் தள்ளி ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் விளக்கெரித்தது. மின்பொறியியலின் திருப்புமுனை எது என்று என்னைக் கேட்டால் அந்த 175 கிலோமீட்டரைத்தான் சொல்வேன். அன்றோடு, யாருமே வசிக்காத மலைமுகட்டு அருவிக்கும் ஒரு விலை வந்துவிட்டது.

இந்தியாவுக்கு இது வந்துசேர அதிக நாள் ஆகவில்லை. 1897-ல் டார்ஜிலிங் பக்கம் சித்ராபோங்கில் 130 கிலோவாட் அளவில் ஒரு சிறு நிலையம். 1902-ல் மைசூர் சமஸ்தானத்தின் சிவசமுத்திரம். அங்கே காவிரி அருவியில் எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோலார் தங்கவயலுக்குப் போனது. லாஃபன் சோதனை முடிந்து பதினொரே வருடத்தில், அதே அளவு தூரத்துக்கு ஒரு சுரங்கமே நம்பி ஓடுகிற லைன்!

நீலகிரியில் முதலில் மின்சாரம் எடுத்தது பைக்காராவில் அல்ல, காட்டேரியில். குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே அருவங்காட்டில் 1900களின் தொடக்கத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. அதற்குக் காட்டேரி அருவியில் ஒரு நீர்மின் நிலையம் அமைத்தார்கள். அங்கே இது ஆடம்பரமல்ல. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-ல் குன்னூர் வரைக்கும்தான் வந்திருந்தது. ஊட்டிக்கு 1908-ல்தான் போனது. நீராவி என்றால் நிலக்கரியை மலையேற்றியாக வேண்டும். அதுவும் வெடிமருந்து கையாளும் இடத்தில் தீப்பொறி பறக்கிற கொதிகலன்களை எத்தனை குறைவாக வைக்கிறார்களோ அத்தனைக்கு நல்லது. கண்ணெதிரே அருவி விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த மின்சாரம் தொழிற்சாலைக்கென்று எடுத்தது. ஊருக்காக எடுத்த முதல் பெரிய மின்சாரம் என்றால் பைக்காராதான்.

1920களில் சென்னை மாகாண நிர்வாகக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்த சி.பி. ராமசாமி ஐயர் பைக்காரா திட்டத்துக்குப் பலமாக நின்றார். 1927-ல் மாகாண அரசு மின்சாரத்துக்கென்று தனித்துறை அமைத்தது. எச்.ஜி. ஹோவர்ட் அதன் தலைமைப் பொறியாளர். கட்டுமானம் 1929-ல் தொடங்கி, 1932-ல் சிங்காராவில் மின்சாரம் வந்தது. உலகமே பொருளாதார வீழ்ச்சியில் தவித்த வருடங்கள் அவை. அந்த நேரத்தில் ஒரு மாகாண அரசு தனியார் கம்பெனியிடம் விடாமல் தானே பணம்போட்டுக் காட்டுக்குள் இவ்வளவு பெரிய வேலையை முடித்தது என்பதை நாம் போதுமான அளவு பேசியதில்லை என்று நினைக்கிறேன். மின்சாரம் பொதுச்சொத்தாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் வேர்விட்ட இடம் பைக்காரா என்பது என் எண்ணம். 1957-ல் மின்சார வாரியம் அமைவதற்கு முப்பது வருடம் முன்பே அந்தப் பாதை போட்டாகிவிட்டது.

66,000 வோல்ட் லைன் மலையிறங்கிக் கோயம்புத்தூருக்குப் போனது. அதற்கப்புறம் நடந்ததைக் கொங்கு நாட்டில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் சொல்வார். கோவையில் நூற்பாலை 1888-லேயே வந்துவிட்டது, ஆனால் நீராவியில் ஓடும் மில் வைக்கக் கொதிகலன் வேண்டும், நிலக்கரி வரவேண்டும், மூட்டை மூட்டையாகப் பணம் வேண்டும். பைக்காரா கரண்ட் வந்த பிறகு ஒரு லைனும் மோட்டாரும் போதும் என்றானது. விவசாயக் குடும்பங்களே பங்கு சேர்ந்து மில் தொடங்கின. பருத்தி விளைகிற கரிசலும் நூலுக்கு ஏற்ற காற்றும் ஏற்கெனவே இருந்தன. மீதியை மின்சாரம் நிரப்பியது. 1937-ல் இந்தியாவிலேயே முதல் மின்மோட்டாரைக் கோவையில் செய்தார்கள், டி. பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும். அந்த மோட்டார் பம்பில் மாட்டிக் கிணற்றுக்குள் இறங்கியதும் கவலை ஏற்றம் இழுத்து நீர் இறைத்த மாடுகளுக்கு விடுதலை. ஐம்பது, அறுபது அடி ஆழக் கிணற்றிலிருந்து தோல்பறியில் தண்ணீர் இழுத்த ஊர்களில் அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை, மாட்டுக்குப் பின்னால் நடந்தவர்கள்தான் சரியாகச் சொல்ல முடியும்.

1937-ல் மேட்டூர் அணையிலும் 1944-ல் பாபநாசத்திலும் மின்சாரம் எடுத்தார்கள். ஒரு நிலையம் தனியாக நிற்பதில் சிக்கல் உண்டு. மேட்டூரில் தண்ணீர் திறப்பதைப் பாசனம் முடிவு செய்கிறது; டெல்டாவுக்குத் தண்ணீர் வேண்டாத மாதங்களில் இயந்திரம் சும்மா இருக்கும். மலை நீர்த்தேக்கத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனால் தென்மேற்குப் பருவமழை பொய்த்தால் அது வற்றும். இரண்டையும் லைனால் இணைத்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தாங்கும். கிரிட் என்று நாம் இன்று சொல்வது இப்படிப் பஞ்சத்துக்குப் பயந்து பிறந்ததுதான். இணைத்தபின் எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில் சுற்றியாக வேண்டும். விநாடிக்கு 50 சுழற்சி. ஒன்று பிந்தினாலும் முந்தினாலும் மற்றவை அதை இழுத்துப் பிடிக்கும்.

பவர் ஹவுசுக்குள் நடக்கிற இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மலைநிலையத்தின் உண்மையான கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. இடி விழுந்து லைன் திடீரென்று அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டர் மேல் இருந்த சுமை ஒரு நொடியில் போய்விட்டது. சக்கரம் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். தண்ணீரை உடனே நிறுத்தலாமே என்று தோன்றும். நிறுத்தினால் அதைவிட ஆபத்து. மைல்கணக்கில் நீளும் குழாயில் ஓடிவருகிற தண்ணீர் நூற்றுக்கணக்கான டன். அது ஓடும் ரயில் மாதிரி. திடீரென்று மறித்தால் குழாயே வெடித்துவிடும். அதனால் பெல்டன் சக்கரத்தின் முன்னால் ஒரு தகடு வைத்திருப்பார்கள். சுமை போனதும் அந்தத் தகடு குறுக்கே வந்து தண்ணீர்ப் பாய்ச்சலைச் சக்கரத்தில் படாமல் திருப்பிவிடும். தண்ணீர் நிற்பதில்லை, வேறு பக்கம் பாய்கிறது. அதன்பிறகு மெதுவாக, ஆற அமர, குழாய் வாயை மூடுவார்கள். மேலே டனல் முடிந்து குழாய் தொடங்கும் இடத்தில் செங்குத்தாக ஒரு கிணறும் உண்டு, சர்ஜ் ஷாஃப்ட் என்பார்கள். மறித்த தண்ணீர் அந்தக் கிணற்றில் ஏறி இறங்கித் தன் கோபத்தைத் தணித்துக்கொள்ளும். மஞ்சூரிலிருந்து கெத்தை இறங்கும்போது காட்டுக்கு நடுவில் தெரியும் கட்டுமானங்கள் எதற்கு என்று பஸ்ஸில் வருகிறவர்கள் கேட்பதுண்டு. பாதிக்குமேல் தண்ணீரின் வேகத்தை அடக்கவே கட்டியவை.

மின்சாரம் டவருக்குள் பாயாமல் கம்பியைத் தாங்கித் தொங்கும் பீங்கான் தட்டுகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. மின்னழுத்தம் ஏறினால் தட்டுகளும் கூடும். 110 கிலோவோல்ட் லைனில் எட்டுக்கு முன்பின்னாக இருக்கும், 230-க்குப் பதினாலுக்குப் பக்கத்தில். அடுத்த தடவை மேட்டுப்பாளையம் போகும்போது எண்ணிப் பாருங்கள்.

குந்தா திட்டத்துக்கு வருகிறேன். சுதந்திரத்துக்குப் பின் பைக்காராத் தண்ணீருக்குக் கீழே மோயாறில் 36 மெகாவாட் நிலையம் வந்தது. பைக்காராவிலும் இயந்திரங்கள் கூடி 1954-க்குள் 59.2 மெகாவாட் ஆனது. ஆனாலும் தேவை அதைத் தாண்டி ஓடியது. அப்போதுதான் காமன்வெல்த் நாடுகளின் உதவித் திட்டமான கொழும்புத் திட்டத்தின் கீழ், கனடாவின் உதவியோடு எங்கள் பக்கத்து மலையில் குந்தா வேலை தொடங்கியது. 1960-ல் முதல் இரண்டு நிலையங்கள் ஓடின. இன்னும் சிலர் வாயில் 'கனடா பவர் ஹவுஸ்' என்ற பேர் இருக்கிறது.

குந்தாவின் அழகு ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப வேலை வாங்குவது. அப்பர் பவானியில் தேங்கும் தண்ணீர் ஐந்தாம் நிலையத்தில் இறங்கி அவலாஞ்சிக்கு வருகிறது. அவலாஞ்சி, எமரால்டு தேக்கத்திலிருந்து முதல் நிலையம். அங்கிருந்து கெத்தையில் இரண்டாவது, பரளியில் மூன்றாவது, பில்லூர் அணைக்குக் கீழே நான்காவது. எண்கள் தண்ணீர் ஓடும் வரிசையில் இல்லாதது புதிதாகப் பார்க்கிறவர்களைக் குழப்பும். உச்சியில் இருப்பதற்கு ஐந்து என்று பேர். ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் வரிசையில் 60, 175, 180, 100, 40 மெகாவாட்; ஐந்தும் சேர்ந்து 555. பின்னால் பார்சன்ஸ் வேலியில் 30 மெகாவாட் சேர்ந்தது. இவ்வளவு வேலையும் செய்த தண்ணீரின் ஒரு பங்கு பில்லூரிலிருந்து கோவைக்குக் குடிநீராகப் போகிறது. மீதி பவானியில் இறங்கிப் பவானிசாகருக்கு வருகிறது. மலையின் வடக்கே இறங்கிய பைக்காராத் தண்ணீரும் மோயாறாகி அதே பவானிசாகரில் வந்து சேர்கிறது. கிளன்மார்கன் விளிம்பில் விழுந்த துளியும் மஞ்சூர்ச் சரிவில் விழுந்த துளியும் ஈரோட்டு நெல்வயலில் ஒன்றாகப் பாயும்.

இதற்கு மலை கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தோடர்களுக்குப் பைக்காரா புனித ஆறு. அணைகளின் கீழே போனது சோலையும் புல்வெளியும்; எருமை மேய்ந்த வெளி இன்று தேக்கத்தின் தரை. சிங்காராவிலிருந்து மோயாறு நோக்கிப் போகிற கால்வாய் மசினகுடிப் பக்கம் யானைகளின் வழித்தடத்தில் குறுக்கே கிடக்கிறது. தண்ணீர் தேடி வந்த விலங்குக்கு அந்தக் கான்கிரீட் கரை ஒரு சுவர்.

இன்னொன்று எனக்கு இன்றும் உறுத்துவது. மேலே உயர் அழுத்த லைன் போகும், அதற்கு நேர் கீழே உள்ள இருளர், குறும்பர் பழங்குடிகளின் குடியிருப்புகளான பதிகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். சிறுவயதில் கெத்தைச் சரிவில் நானே பார்த்தது. அந்தக் கம்பியிலிருந்து ஓர் ஒயர் இழுத்து வீட்டுக்குக் கொடுக்க முடியாது என்பது உண்மை. 110 கிலோவோல்ட்டை 11 ஆக இறக்கத் துணைமின் நிலையம் வேண்டும், அங்கிருந்து காட்டுக்குள் கம்பம் நட்டு 11 கிலோவோல்ட் லைன், அப்புறம் பதியின் ஓரத்தில் 400 வோல்ட்டுக்கு இறக்கும் டிரான்ஸ்பார்மர். வனத்துறை அனுமதி வேறு. பத்து வீட்டுக்காக இதைச் செய்வது செலவுக்குக் கட்டாது என்று கணக்குச் சொல்லும். ஆனால் கோவைக்கு லைன் போட்டபோதும் கிணறுகளுக்கு மின்சாரம் கொடுத்தபோதும் செலவை மட்டும் பார்த்து யாரும் முடிவெடுக்கவில்லை. மலைக்குள் இருந்தவர்களுக்கு மட்டும் அந்தக் கணக்கை முதலில் எடுத்து வைத்தார்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்த மின்சாரத்தில் நீலகிரியின் பங்கு சிறியது. ஆனாலும் அதன் மதிப்பு குறையவில்லை, வேலைதான் மாறியது. அனல் நிலையம் ஆறிக்கிடந்தால் எழுப்ப மணிக்கணக்கில் ஆகும். மலைநிலையம் சில நிமிடங்களில் முழுவீச்சில் வரும். மாலை ஆறரை, ஏழுக்கு மாநிலம் முழுக்க விளக்கும் மிக்சியும் ஓடும் நேரம், சூரிய மின்சாரம் படுத்துவிடும் நேரம். அந்த இரண்டு, மூன்று மணிநேரத்துக்குத்தான் குந்தாவும் பைக்காராவும். 2005-ல் சிங்காரா பக்கம் பாறையைக் குடைந்து பூமிக்கு அடியில் அமைத்த 150 மெகாவாட் நிலையத்துக்கும் இதுதான் முக்கிய வேலை.

மழையை மட்டும் நம்பவும் முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. வேறு வருடங்களில் தேக்கத்தின் அடிச்சேறு தெரியும். இங்கேதான் போர்த்திமந்து வருகிறது, தண்ணீரை மேலே ஏற்றி வைத்துப் பிறகு இறக்கி மின்சாரம் எடுக்கும் நீரேற்றுத் திட்டம். மேலே போர்த்திமந்து தேக்கம், கீழே அவலாஞ்சி-எமரால்டு. நடுவில் நான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 125 மெகாவாட். பகலில் சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் மிஞ்சும்போது அதை வைத்துக் கீழேயுள்ள தண்ணீரை மேலே ஏற்றுவார்கள். மாலையில் அதே தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நூறு யூனிட் செலவழித்தால் எழுபத்தைந்து, எண்பது திரும்பி வரும். ஆனைமலையில் கடம்பாறை நிலையம் 1980களின் கடைசியிலிருந்து இதைச் செய்துவருகிறது. சில்லஹல்லாவில் 1,000 மெகாவாட்டுக்கு இப்படியொரு திட்டம் பேச்சில் வந்தபோது எங்கள் பக்கத்து விவசாயிகள் எதிர்த்தார்கள். கேரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற பள்ளத்தாக்கு தண்ணீருக்குள் போகும் என்ற பயம் அவர்களுக்கு. அதை முன்னேற்றத்துக்கு எதிர்ப்பு என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். 1932-லிருந்து தண்ணீர் கொடுத்தவர்கள் அவர்கள். இருக்கிற இரண்டு தேக்கங்களையே பயன்படுத்துகிற போர்த்திமந்து வழி எனக்குச் சரியாகப் படுகிறது.

அந்த வேலை முடிந்தால் நீலகிரியில் பவர் ஹவுசுக்காக இறங்கிக்கொண்டே இருந்த தண்ணீர் முதல்முறையாக மேலே ஏறும். நண்பகல் வெயிலில் ராமநாதபுரம் பக்கத்துத் தகடுகளில் எடுத்த மின்சாரம் அவலாஞ்சித் தண்ணீரைத் தூக்கி வைக்கும். இரவு ஏழு மணிக்கு அது இறங்கி வரும்.